நாலாம் லைனுக்கு விழுந்த தீவு

ரகுபதிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிறுக்குப் பிடிக்கும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அது ‘உலக தினம்’ என்ற பெயரில் பிடித்தது. ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. ரகுபதி அங்கே ஹெச்.ஆர். அதிகாரி. வெளிநாட்டுக் கஸ்டமர்கள் வருகிறார்கள், ஒவ்வொரு லைனும் ஒரு நாடாக மாறி அவர்களை வரவேற்க வேண்டும், அந்த நாட்டின் நிலம், மக்கள், ஆட்சி, பொருளாதாரம் எல்லாவற்றையும் பேசிக் காட்ட வேண்டும், கூடவே ஆட்டமும் சாப்பாடும் வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். வயர் கட்டுகிற கைக்கு வயர் கட்டவே நேரம் பத்தவில்லை. இதில் நாடு வேறு கட்ட வேண்டுமாம்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஒன்றாம் லைனுக்கு ஜப்பான், இரண்டாம் லைனுக்கு பிரேசில். மூன்றாம் லைன்காரர்கள் பிரான்ஸ் என்று வந்ததும் விசில் அடித்தார்கள். நாலாம் லைனுக்காகச் சீட்டெடுத்தவள் பாண்டிச்செல்வி. பிரித்துப் பார்த்தாள், எழுத்துக் கூட்டினாள், ஒன்றும் பிடிபடாமல் சூப்பர்வைசர் எழிலரசனிடம் நீட்டினாள்.

“இன்னாமா இது? டோக்கலாவா? பேரே வாய்க்குள்ள பூர மாட்டேங்குது. சார், இந்த மாதிரி ஒரு நாடு கீதா?” என்று எழிலரசன் ரகுபதியிடம் திரும்பினார்.

ரகுபதிக்கும் தெரியவில்லை. யாரோ இணையத்திலிருந்து பெயர்களை மொத்தமாக வழித்தெடுத்துத் துண்டு போட்டிருக்கிறார்கள். ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ரகமா அவர்? “அதுதான் உங்களுக்கு சேலஞ்ச்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாலாம் லைன்ல ட்ரெய்னிங்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாரையும் மேனேஜ்மென்ட் பார்த்துக்கிட்டிருக்கு. நல்லா பண்ணுங்க” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் தூண்டில். நாலாம் லைனில் ட்ரெய்னிகள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் அந்த மாதக் கடைசியோடு பயிற்சிக் காலம் முடிகிறது. நிரந்தரம் ஆகாதவள் பையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

பாண்டிச்செல்விக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே தாய்மாமன் மாரிமுத்து காத்துக்கொண்டிருந்தான். குடித்துக் குடித்து, கட்டியவளை அடித்து விரட்டிவிட்டு, அக்கா மகளை நாக்கைத் தொங்கப் போட்டுப் பார்க்கிற ஆள். வேலை இருக்கிறவரை அவள் ஒரகடத்திலேயே இருக்கட்டும், வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கு அந்த வேலை சம்பளம். இவளுக்கு அது மாரிமுத்து வந்து தட்ட முடியாத கதவு.

அறைத்தோழி நாச்சியாரையும் இழுத்துக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நாச்சியார் சங்கரன்கோவில்காரி, எதைப் பார்த்தாலும் வாய் பிளப்பாள்.

டோக்கலாவ் நிஜமாகவே இருந்தது. பசிபிக் கடலின் நட்டநடுவில், சமோவாவுக்கும் வடக்கே, மூன்று பவளத் திட்டுகள். ஒவ்வொன்றும் வளையம் மாதிரி. நடுவில் உப்புநீர்க் குளம், சுற்றிலும் மெலிந்த மணல், மணலில் தென்னை. மலை இல்லை, ஆறு இல்லை. தீவின் உச்சியே ஒரு மாடி வீட்டு உயரத்தைத் தாண்டாது. மழை பெய்தால் பிடித்து வைத்துக் குடிக்க வேண்டும். விமானம் இறங்க இடம் கிடையாது. சமோவாவிலிருந்து கப்பல் ஏறி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆடிக்கொண்டு போய், கப்பல் கரைக்கு வர முடியாததால் சின்னப் படகில் தாவ வேண்டும்.

“அங்கன கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டு வாரவன் பாதி வழியில திரும்பிருவாம்ட்டி” என்றாள் நாச்சியார்.

பாண்டிச்செல்விக்கு அந்த இடத்தில்தான் தீவு பிடித்துப்போயிற்று.

மூன்று திட்டுகளிலும் சேர்ந்து இருக்கிற மக்கள் இந்தக் கம்பெனியின் ஒரு ஷிப்டுக்குக் காணாது. அதைப்போலப் பல மடங்கு பேர் நியூசிலாந்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். தீவும் நியூசிலாந்துக்குக் கீழ்ப்பட்டதுதான். நீங்களே ஆண்டுகொள்கிறீர்களா என்று இரண்டு தடவை ஓட்டு வைத்துக் கேட்டார்களாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதியில் இரண்டு தடவையும் சொற்ப ஓட்டில் தவறிவிட்டது. தலைநகரம் என்று ஒன்று கிடையாது. வருஷத்துக்கு ஒரு திட்டைச் சேர்ந்தவர் தலைவர். அவர் ஊரே அந்த வருஷத்துக்குத் தலைநகரம். அன்றாடக் காரியங்களுக்கு ஊரூருக்கும் குடும்பத்தலைவர்கள் கூடும் சபை. வருமானம் என்று பார்த்தால் கொப்பரை, தபால்தலை, தங்கள் கடலில் மீன்பிடிக்க அயலாருக்கு விடும் உரிமம், இணைய முகவரிகளின் வாலில் ஒட்டுகிற ‘டிகே’ என்ற இரண்டெழுத்தை விற்கிற காசு. மிச்சத்துக்கெல்லாம் நியூசிலாந்து கைகொடுக்கிறது.

அடுத்து வந்ததுதான் அவளை உட்கார வைத்தது. ஊருக்காகப் பிடிக்கிற மீனைக் கரையில் கொட்டி, ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை தலை என்று பார்த்து, கைக்குழந்தை முதல் படுத்த படுக்கைக் கிழம் வரைக்கும் சமமாகப் பங்கு வைக்கிறார்கள். அதற்கு இனாத்தி என்று பெயர். கடலுக்குப் போனவனுக்கும் போகாதவனுக்கும் ஒரே பங்கு.

“ஏட்டி, இது நம்ம கூறு போடுததுல்லா!” என்றாள் பாண்டிச்செல்வி. “எங்கூர்ல கோயில் கொடைக்குக் கெடா வெட்டினா இப்பிடித்தான். ஓலையப் பரத்தி, எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறுலயும் விழுதாப்புல வைப்பாவ. கூறு போட்டவன் கடைசியாத்தான் எடுக்கணும்.”

பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. ஆட்டத்துக்கு ரகுபதி வந்து சேர்ந்தார். ஒத்திகையில் பெண்கள் பூப்போட்ட துணியும் சட்டையுமாக நின்றதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, சர்ச்சுக்குப் போற மாதிரி? இலை கட்டுங்க. முகத்துக்குக் கருப்பு பூசுங்க. கையில ஈட்டி வேணும். ஊலலலான்னு கத்தணும். அப்பதான் எஃபெக்ட்.”

“சார், அவங்க அப்படி இல்ல சார். போட்டோல இப்படித்தான் இருக்காங்க” என்றாள் பாண்டிச்செல்வி.

“கஸ்டமருக்கு என்ன தெரியப்போகுது? ஐலண்ட்னா காட்டுவாசி.” அவளை மேலும் கீழும் பார்த்தார். “உனக்குப் பூச வேணாம். நீ அப்படியே நில்லு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாச்சியாரும் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டிச்செல்விக்கோ அந்த மனுஷனின் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவைப் பிடுங்கி அவர் முகத்திலேயே பூசிவிடலாமா என்றிருந்தது. ஆனால் பூசவில்லை. மாரிமுத்து இருக்கிறானே.

“ஒரு நாள் கூத்து தானம்மா, கம்முனு பண்ணிட்டுப் போ” என்று எழிலரசன் காதோரம் சொன்னார். “அந்தாளு கையில தான் உன் வேலை கீது. நானும் அந்தாளுக்குப் பல்லக் காட்டிகினு தான் பத்து வருசமா ஓட்டிகினு கீறேன்.” சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எச்சில் துப்பினார்.

உலக தினம் வந்தது. ஜப்பான் விசிறியோடு குனிந்து குனிந்து நிமிர்ந்தது. பிரேசில் பந்து உருட்டியது. பிரான்ஸில் ஒருவன் தகரத்தில் கோபுரம் கட்டி அது சரிந்துவிழ, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்றான். நாலாம் லைன் பெண்கள் சுடிதாருக்கு மேல் தென்னங்கீற்றைக் கட்டிக்கொண்டு, கரி பூசிய முகத்தோடு ஊலலலா என்று கத்தினார்கள். விருந்தினராக வந்த வெளிநாட்டு அம்மாளும் அவரோடு வந்தவரும் என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாண்டிச்செல்விக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் அவள் பேச்சு. நிலம், மக்கள், ஆட்சி என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். பொருளாதாரம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வறுத்த மீன் தட்டுகளில் இருந்தது. விருந்தினருக்கு முதலில், பிறகு மேனேஜர்களுக்கு, மிஞ்சினால் மற்றவர்களுக்கு என்று ரகுபதி உத்தரவு. அவள் ஈட்டியைக் கீழே வைத்தாள். தரையில் வாழையிலைகளைப் பரப்பினாள். மீனையெல்லாம் கொட்டி, கொட்டகைக்குள் நின்ற தலைகளை விரல் நீட்டி எண்ணினாள். விருந்தினர், ரகுபதி, எழிலரசன், ஓரமாகத் துடைப்பத்தோடு நின்ற ஹவுஸ்கீப்பிங் கனகம் அக்கா, ஒருவரையும் விடவில்லை. தலைத்துண்டும் வால்துண்டும் எல்லாக் கூறிலும் மாறி மாறி விழுகிறாற்போல வைத்தாள்.

“முதல்ல கெஸ்ட்டுக்குக் குடும்மா” என்று ரகுபதி பல்லைக் கடித்தார்.

“இந்தத் தீவுல கெஸ்ட் கெடையாது சார். எல்லாரும் ஒரு தலைதான்.”

அதை யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, விருந்தினரில் அந்த அம்மாள் சட்டென்று தரையில் குத்தவைத்து ஒரு கூறை எடுத்துக்கொண்டாள். கனகம் அக்காவைக் கைப்பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு யாருக்குமே வெட்கம் இல்லை. மேனேஜர்கள் டையைத் தோளில் போட்டுக்கொண்டு முள் எடுத்தார்கள். பாண்டிச்செல்வி கடைசியாக மிஞ்சிய கூறை எடுத்துக்கொண்டாள். கரி பூசிய முகங்களெல்லாம் எண்ணெய் வழியச் சிரித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம், சத்தியமாக, அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒரு தீவு இருந்தது.

முதல் பரிசு நாலாம் லைனுக்கு. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. விளையாட்டுக்குச் சொன்னதை ஒன்பது பெண்களும் நிஜமென்று நம்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸைக்கூட நடுவில் கொட்டிக் கூறு போட்டுச் சாப்பிட்டார்கள். ஒருத்தி கைவலி என்று பின்தங்கினால் மற்றவள் அவள் வயர் கட்டுகிற போர்டிலும் சேர்த்து டேப் சுற்றினாள். ‘நம்ம தீவு’ என்றே பேசிக்கொண்டார்கள்.

மாதக் கடைசிக்கு முன்பு ரகுபதி ஒன்பது பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு குஷி.

“கங்கிராட்ஸ். உங்க லைனுக்கு பெர்மனென்ட் சீட் வந்திருக்கு. ஒண்ணு.” விரலைத் தூக்கிக் காட்டினார். “யாருக்குன்னு நான் முடிவு பண்ணலாம். ஆனா நீங்கதான் தீவாச்சே. உங்க பெரியவங்க சபையைக் கூட்டி நீங்களே முடிவு பண்ணுங்க. நாளைக்குக் காலையில ஒரு பேர் சொல்லணும். ராத்திரி போன்ல சொன்னாலும் ஓகே.”

 ஒரு பூச்சியின் சிறகைப் பிய்த்துவிட்டு அது நடப்பதைப் பார்க்கிற பையனின் சந்தோஷம் அந்த ஆளுக்கு. சோறு தின்கிறவன் செய்கிற காரியமா அது?

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் சபை கூடியது. முதலில் எல்லாரும் ரகுபதியைத் திட்டினார்கள். திட்டித் தீர்ந்தது. பிறகு கலைமதி வாயைத் திறந்தாள். அவள் வடக்குப்பட்டுக்காரி, ஒன்பது பேரில் அவள் ஒருத்திதான் உள்ளூர்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு எங்க நெலம் போயிருக்குது. எங்கப்பா நெல்லு போட்ட எடத்துல தான் இவனுங்க கேன்டீன் கட்டிகினு கீறானுங்க. நியாயமா அது எனக்குத் தான வரணும்?”

“ஒங்களுக்கு நெலம் போச்சு, துட்டு வந்துச்சு, மாடி வூடு ஏறிச்சு” என்று நாச்சியார் அவள் பேச்சையே பழித்துக்காட்டினாள். “எங்கப்பாவுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு ரெண்டு. ஆரு பாப்பா?”

“எங்கம்மாவுக்கு மட்டும் என்ன?” என்று இன்னொருத்தி எழுந்தாள். அவ்வளவுதான், சந்தை கூடிவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் கஷ்டத்தை எடுத்து நடுவில் போட்டாள். கணவன் விட்டுப்போனது, தம்பியின் படிப்பு, இடிந்த வீடு, கருக்கலைந்தது எல்லாம் அந்தப் புளியமரத்தடிக்கு வந்தது. என் கஷ்டம் பெரிசா உன் கஷ்டம் பெரிசா என்று தூக்கிப் பார்த்தார்கள். நேற்றுவரை ஒரே இலையில் தின்றவர்கள், நீ லைனில் எத்தனை தடவை தப்பான வயரைச் செருகினாய் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தேவடியா என்றாள்.

பாண்டிச்செல்வி மாரிமுத்துவைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அவனையும் அந்தக் குவியலில் போட வேண்டும். போட்டால், அடிப்பவனெல்லாம் ஒரு கஷ்டமா, கட்டிக்கொள் என்பார்கள். அவளுக்கு எல்லார்மேலும் அருவருப்பாக இருந்தது. கடைசியில் எழுந்து கத்தினாள்.

“நிறுத்துங்கட்டி! அவன் எலும்பத் தூக்கிப் போட்டான், நாம கடிச்சிக்கிட்டு கெடக்கோம். அவன் பாத்துச் சிரிக்கணும், அதுக்குத்தான் இது. ஒம்பது பேருக்கும் குடு, இல்லன்னா ஒருத்திக்கும் வேண்டாம்னு சொல்லுவோம். எல்லாரும் சேர்ந்து போயி சொல்லுவோம்.”

அழுகை வந்தது சிலருக்கு. கலைமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் ஆளாகக் கையை நீட்டினாள். அதன்மேல் மற்ற எட்டுக் கைகளும் விழுந்தன. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கியதும் சேர்ந்து நுழைவது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பாண்டிச்செல்வி எழுந்தாள். நாச்சியாரின் பாய் காலியாக இருந்தது. குளியலறை வரிசையில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். முன்னதாகப் போய் ரகுபதியிடம் நம் முடிவை நாசூக்காகச் சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். பொய் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் யாராவது வேண்டும். ஆட்டோவில் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஹெச்.ஆர். அறைக்கு முன்னால் பெஞ்சில் நாச்சியார் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“வயித்து வலிட்டி” என்றாள் நாச்சியார். “மாத்திர வாங்க வந்தேன்.”

மாத்திரை கொடுக்கிற அறை கட்டடத்தின் மறுபக்கம். பாண்டிச்செல்வி அதைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் பைக்கிலிருந்து இறங்கி, புடவையை நீவிவிட்டுக்கொண்டு கலைமதி வந்தாள். இவர்களைப் பார்த்ததும், “கார்டு தொலைஞ்சி போச்சி” என்றாள். கார்டு அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக. லீவு கேட்க வந்தவள், பி.எப். விசாரிக்க வந்தவள், சும்மா வந்தவள். ஒன்பதாவது ஆளும் வந்து சேர்ந்தபோது பெஞ்சில் இடம் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதிலும் சொல்ல வேண்டுமே.

எழிலரசன் அந்தப் பக்கமாக வந்தார். வரிசையை ஒரு தடவை பார்த்தார். “த்தூ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரைச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று ஒருத்திக்கும் விளங்காமல் இல்லை.

ரகுபதி வந்ததும் வாசலிலேயே நின்று சிரித்தார். வாய் நிறைய, வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒவ்வொருத்தரா வரீங்களா, சேர்ந்து வரீங்களா?” என்றார்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு ஒவ்வொருத்தியாகப் போக யாருக்கும் கால் வரவில்லை. ஒன்பது பேரும் எழுந்து உள்ளே போனார்கள். அறைக்குள் நின்றதும் எட்டுப் பேரும் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

“ஒம்பது பேருக்கும் குடுங்க சார். இல்லன்னா யாருக்கும் வேண்டாம்.”

“அப்படியா? சரி, யாருக்கும் வேண்டாம்” என்றார் ரகுபதி. உட்காரக்கூட இல்லை, ஏசியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். “எனக்கும் ஒரு ஹெட்கவுன்ட், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். லைனுக்குப் போங்க, சைரன் அடிக்கப்போகுது.”

அவ்வளவுதான் முடிந்தது. லைனுக்குப் போகிற நீண்ட வராந்தாவில் நாச்சியார் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது.

“நீ மட்டும் இல்லன்னா நாங்க நாறிப் போயிருப்போம்ட்டி. ஒன்னாலதான் எங்க மானம் தப்பிச்சு. நீ ஒருத்திதான் நல்லவ.”

முந்தின ராத்திரி, அறையில் எல்லாரும் தூங்கிய பிறகு பாண்டிச்செல்வி ரகுபதியின் எண்ணை அமுக்கியது நாச்சியாருக்குத் தெரியாது. பாதி எண்ணிலேயே போன் அணைந்துவிட்டது. சார்ஜ் போடலாமென்றால் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நாச்சியாரின் கை சூடாக, நம்பிக்கையாக அவள் கையைப் பற்றியிருந்தது. ரகுபதியைக் காட்டிலும் தன்மேல்தான் அவளுக்கு இப்போது அருவருப்பு மிகுந்தது. அப்படியும், கரண்ட் மட்டும் இருந்திருந்தால் அந்த வேலை இந்நேரம் என்னுடையது என்று மனசு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.